தோளில் ஷாட்கன், இடுப்பில் பிஸ்டல்: மான் வேட்டைக்குப் போகும் முன் விசாவை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் மென்பொருள் பொறியாளராக வேலை செய்கிறேன். எச்-1பி விசா. மனைவிக்கு, என்னைச் சார்ந்து வந்தவருக்கான எச்-4. உடன் வேலை செய்யும் அமெரிக்க நண்பர், நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த வாரம் மான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார். கோஷாக்டன் கவுண்டியில் அவருடைய மாமனாருக்குச் சொந்த நிலம் இருக்கிறது. "சொந்த நிலம், லைசென்ஸ் எல்லாம் வேண்டாம்" என்கிறார். தன்னிடமுள்ள 12 கேஜ் ஷாட்கன்னை எனக்குத் தருவாராம். அடிபட்ட மான் துடித்தால் முடித்துவைக்கவும், கோயோட்டி நரி வந்தால் சமாளிக்கவும் இடுப்பில் ஒரு 9 எம்.எம். பிஸ்டலும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்து எடுத்துப்போகலாமா? என் தாத்தா தென்காசிப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர். அந்த ஆசை எனக்கும் உண்டு.

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் அது அவருக்கு உண்மை. ஒஹாயோவில் நிலத்தின் சொந்தக்காரரும் அவருடைய மனைவி, பிள்ளைகளும் தங்கள் நிலத்தில் வேட்டையாட உரிமம் வாங்க வேண்டியதில்லை. நான்கு தலைமுறையாக அப்படியே வேட்டையாடிப் பழகிய குடும்பத்துக்கு, விருந்தாளிக்கு வேறு சட்டம் இருக்கிறது என்பது தோன்றாது. அந்த விருந்தாளி விசாவில் இருப்பவர் என்றால் அவருக்கு மூன்றாவதாக இன்னொரு சட்டம் இருக்கிறது என்பதை அவர்கள் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். குடியேற்ற வழக்குகளை நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி வருவது இது முதல்முறை அல்ல. கேட்டவர்களில் பாதிப்பேர் வேட்டைக்குப் போய்வந்த பிறகுதான் கேட்டார்கள். நீங்கள் முன்னால் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது இரண்டு துப்பாக்கிகளைப் பற்றி. நான் ஒரு துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறேன். வேட்டை உரிமம் கையில் இல்லாத எச்-1பி விசாக்காரர் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொடக்கூடாது.

அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 922ஆம் பிரிவு, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவர்களைப் பட்டியலிடுகிறது. பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றவர்கள் என்று போகும் அந்த வரிசையில், குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்களும் இருக்கிறார்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாமே இதற்குள் அடக்கம். 1997 பிப்ரவரியில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் பார்வை மாடத்தில் ஒருவர் சுட்டதில் டென்மார்க்கைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஒருவர் இறந்தார். சுட்டவர் சில வாரங்களுக்கு முன்புதான் நாட்டுக்குள் வந்து, ஃபுளோரிடாவில் துப்பாக்கி வாங்கியவர். அடுத்த ஆண்டே இந்தத் தடை சட்டமாகிவிட்டது. "வைத்திருத்தல்" என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் தரும் பொருள் மிக அகலமானது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டாலும் அது வைத்திருத்தல்தான். துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் இதில் சேரும். தண்டனை உச்சம் 2022க்கு முன் 10 ஆண்டு. இப்போது 15 ஆண்டு. தடை உள்ளவர் என்று தெரிந்தே துப்பாக்கி தருபவருக்கும் அதே 15 ஆண்டுதான். ஆகவே இது உங்கள் நண்பரின் தலைக்கும் மேலே தொங்கும் கத்தி. இந்தப் பத்தியை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். நட்புக்கு நல்லது.

இனி நல்ல செய்தி. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட வேட்டை உரிமம் வைத்திருக்கும் விசாக்காரருக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆக, உங்கள் நண்பர் "வேண்டாம்" என்று சொன்ன அந்த லைசென்ஸ்தான் உங்களையும் சிறையையும் பிரிக்கும் சுவர். மாமனாரின் நிலம், மாநிலச் சட்டப்படி மாமனாருக்கு உரிம விலக்குத் தரலாம். மத்தியச் சட்டம் நிலம் யாருடையது என்று கேட்பதில்லை. உங்களிடம் உரிமம் இருக்கிறதா என்றுதான் கேட்கும். உரிமம் வாங்கிய பிறகுதான் ஷாட்கன்னைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், பழக வேண்டும். "உரிமம் வாங்குவதற்கு முந்தின வாரம் சும்மா நாலு ரவுண்டு சுட்டுப் பழகினேன்" என்று யாரும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

ஒஹாயோவில் முதல்முறை உரிமம் எடுப்பவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று காட்ட வேண்டும். அதை முடிக்க நேரமில்லாதவர்களுக்குப் பழகுநர் உரிமம் என்று ஒன்று உண்டு. 21 வயது நிரம்பிய, உரிமம் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நீங்கள் பயிற்சியையே எடுங்கள். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு வேலி தாண்டுவது எப்படி என்பதைத் தாத்தாவின் நினைவிலிருந்து கற்றுக்கொள்ள முடியாது. மான் சுடுவதற்கு வேட்டை உரிமத்துக்கு மேலே தனி மான் அனுமதியும் வாங்க வேண்டும். தனியார் நிலம் என்பதால் சொந்தக்காரரின் எழுத்துவழி அனுமதியும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். மாமனார் காலையில் காப்பி கொடுத்து வாய்நிறைய வரவேற்றார் என்பது எழுத்துவழி அனுமதி ஆகாது.

உரிமத்துக்கு முடிவுத் தேதி உண்டு என்பதைப் பலர் மறக்கிறார்கள். மேலே சொன்ன விலக்கு, செல்லுபடியாகும் உரிமத்துக்கு மட்டும்தான். அது முடிந்த நாளில், அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் துப்பாக்கி ஒருவரும் தொடாமலேயே குற்றப்பொருளாக மாறிவிடுகிறது. ஓட்டுநர் உரிமம் காலாவதியானால் அபராதம் கட்டிப் போய்விடலாம். இது அந்த வகை அல்ல. சொந்தமாகத் துப்பாக்கி வாங்கும் எண்ணம் பின்னால் வந்தால், இதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

அதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. நம்மவர்கள் பலருக்கு வேலை போகும் காலம் இது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். வேட்டை உரிம விலக்கு, சட்டப்படி விசாவில் இருப்பவருக்கு மட்டுமே. விசா நிலை இழந்தவரைச் சட்டம் வேறு உட்பிரிவில் வைக்கிறது. அந்த உட்பிரிவுக்கு வேட்டை உரிமம் பரிகாரம் ஆகாது. வேலை போனால் எச்-1பிக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் மாற்று வழி செய்யாமல் தங்கிவிட்டால், அறுபத்தோராம் நாள் காலையில் உங்கள் கையிலுள்ள உரிமம் இந்த விஷயத்தில் வெறும் காகிதம். ரெஹைஃப் வழக்கை இங்கே சொல்ல வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸிலிருந்து படிக்க வந்த மாணவர். மதிப்பெண் போதாமல் பல்கலைக்கழகம் நீக்கிவிட்டது. அதோடு விசா நிலையும் போயிற்று. அதன் பிறகு ஃபுளோரிடாவில் ஒரு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டார். சிறைத்தண்டனை விழுந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ரத்து செய்து, தனக்கு விசா நிலை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. சிலர் இதைப் படித்துவிட்டு, தெரியாது என்று சொன்னால் தப்பிவிடலாம் என நினைக்கிறார்கள். அவர் அந்தத் தீர்ப்பைப் பெற உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மேலும், உங்களுக்குத் தெரியாது என்று இனிமேல் நீங்கள் சொல்ல முடியாது, இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, உரிமம் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: ஷாட்கன்னும் பிஸ்டலும் சேர்த்து.

ஒஹாயோவின் விதி, மான் வேட்டையின்போது ஒருவர் ஒரே ஒரு வேட்டைக் கருவியைத்தான் வைத்திருக்கலாம் என்கிறது. ஷாட்கன் என்றால் ஷாட்கன். கைத்துப்பாக்கியால்தான் சுடுவேன் என்றால் அதுமட்டும். தூரத்து மானுக்கு இது, பக்கத்து மானுக்கு அது என்று இரண்டையும் சுமக்க முடியாது. எந்த ஷாட்கன், எந்தக் கைத்துப்பாக்கி என்பதற்கும் அளவு இருக்கிறது. ஷாட்கன் 10 கேஜ் அல்லது அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் (கேஜ் எண் கூடக்கூடக் குழல் சிறியது; நம் ஊரில் 12 போர் என்போமே, அது சரிதான்). ஒரு குழலுக்கு ஒரே ஸ்லக் குண்டு அல்லது ஒரே உருண்டை. சிறு உருண்டைகள் சிதறும் தோட்டா மானுக்குக் கூடாது. குழலிலும் மேகசினிலும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக்கூடாது. நண்பரின் துப்பாக்கி வாத்து வேட்டைக்குப் பயன்பட்டது என்றால் மேகசின் குழாயில் அடைப்புக் கட்டை இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்கிப் போடுங்கள். கைத்துப்பாக்கிக்கு குழல் நீளம் குறைந்தது 5 அங்குலம். தோட்டா நேர்ச்சுவர் வகையாகவும் (கழுத்துக் குறுகாதது) .357 காலிபர், அதாவது அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம், அல்லது அதற்கு மேலாகவும் இருக்க வேண்டும்.

இங்கேதான் அந்த 9 எம்.எம். தடுக்கி விழுகிறது. அதன் குண்டு .355 அங்குலம். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறைவு. மயிரிழைதான், ஆனால் சட்டத்துக்கு அந்த இழை போதும். இடுப்பில் வைத்துக்கொள்ளும் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றுக்கு 5 அங்குலக் குழலும் கிடையாது. ஆகவே அந்த 9 எம்.எம். பிஸ்டலால் ஒஹாயோவில் மானைச் சுட முடியாது. "சுட" என்பதில், அடிபட்டுத் துடிக்கும் மானை முடித்துவைப்பதும் அடக்கம். இரக்கத்தால் செய்தது என்றாலும் விதிமீறல்தான். மான் உயிரோடு கிடந்தால் கையிலுள்ள ஷாட்கன்னால் இன்னொரு முறை சுடுங்கள். மூன்று தோட்டா அனுமதித்திருப்பதில் அதற்கும் இடம் இருக்கிறது.

இந்த விதிகள் ஏன் இப்படி விசித்திரமாக இருக்கின்றன என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒஹாயோவின் பெரும்பகுதி தட்டையான நிலம், நடுநடுவே பண்ணை வீடுகள். கழுத்துக் குறுகிய தோட்டா போடும் ரைஃபிளின் குண்டு மானைத் தவறவிட்டால் வெகுதூரம் போய் யார் வீட்டுச் சன்னலிலோ விழும். ஸ்லக் குண்டு சீக்கிரம் தரைக்கு வந்துவிடும். அதனால்தான் நெடுங்காலம் ஷாட்கன் மாநிலமாக இருந்தது. நேர்ச்சுவர்த் தோட்டா ரைஃபிள்களை அனுமதித்ததே 2014இல்தான். இன்னொரு செய்தியும் சொல்லத் தோன்றுகிறது: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தில் மானே இல்லாமல் போயிருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு, பெருக விட்டு, 1943இல் மூன்று கவுண்டிகளில் மட்டும் துப்பாக்கி வேட்டையைத் திறந்தார்கள். அந்த ஆண்டு விழுந்தவை 168 மான்கள். இன்று 88 கவுண்டிகளிலும் வேட்டை நடக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையை மறந்துவிட்ட ஊரிலிருந்து வந்த நமக்கு, வேட்டைக்காரர்கள் கட்டும் பணத்தில் மான் பெருகிய கதை கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும்.

திரும்பி வருகிறேன். மானைச் சுட அல்ல, தற்காப்புக்கு மட்டும் பிஸ்டல் வைத்துக்கொள்ளலாமா? உங்கள் நண்பர் வைத்துக்கொள்ளலாம். 2022 ஜூன் முதல் ஒஹாயோவில், 21 வயது நிரம்பிய, சட்டத்தடை ஏதுமில்லாத ஒருவர் தனி உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். வேட்டையின்போதும் தற்காப்புக்காக அதை வைத்திருக்கலாம். வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். அது இரண்டாவது வேட்டைக் கருவியாகக் கணக்கில் வராது.

நீங்கள்? வேட்டை உரிமம் இருக்கும்வரை மத்தியத் தடை உங்களுக்கு இல்லை. எனவே நீங்களும் சட்டத்தடை இல்லாதவர் என்று வாதாடலாம். நானே வாதாடுவேன். ஆனால் வாதாடும் இடம் நீதிமன்றம். அங்கே போய்ச் சேருவதற்குள், ஒரு கிராமத்துச் சாலையோரம் இரவு ஆறரை மணிக்கு, வேட்டை உரிம விலக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிராத ஒரு போலீஸ்காரரிடம் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் ஏன் இடுப்பில் பிஸ்டலோடு நிற்கிறார் என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். ஷாட்கன்னும் ஆரஞ்சு மேலங்கியும் மான் அனுமதியும் சேர்ந்து உங்களை வேட்டைக்காரர் என்று சொல்லிவிடும். மறைத்து வைத்த 9 எம்.எம். அப்படி எதையும் சொல்லாது. கோயோட்டியைப் பற்றிய பயமோ, மன்னிக்கவும், உங்கள் நண்பரின் வீரப்பேச்சு. துப்பாக்கியோடு நிற்கும் மனிதனைக் கண்டால் அது ஓடித்தான் போகும்.

என் ஆலோசனை: பிஸ்டலை நண்பரின் இடுப்பிலேயே விட்டுவிடுங்கள். "கொஞ்சம் பிடித்துக்கொள்" என்று தந்தாலும் வாங்காதீர்கள்.

காரில் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேட்டையை ஒழுங்காக முடித்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் திரும்பும் வழியில். கைத்துப்பாக்கிக்குக் கொடுத்த சலுகையை ஒஹாயோ நீண்ட துப்பாக்கிக்குக் கொடுக்கவில்லை. ஷாட்கன் வண்டிக்குள் ஏறும்போது குழலிலும் மேகசினிலும் ஒரு தோட்டாவும் இருக்கக்கூடாது. தோட்டா நிரப்பிய ஷாட்கன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அது சிறு அபராதம் அல்ல, பெருங்குற்ற வகை. நிலத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பிக்கப் வண்டியில் போகும்போதுகூட நண்பர்கள் இதை மறப்பார்கள். நீங்கள் இறக்கிவிட்டே ஏறுங்கள். பிறகு உறையில் போட்டு மூடி, டிக்கியில் வையுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், குடியேற்றச் சட்டத்தின் 237ஆம் பிரிவில் துப்பாக்கிக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. எந்தச் சட்டத்தையும் மீறித் துப்பாக்கியை வாங்கியதற்கோ வைத்திருந்ததற்கோ எடுத்துச் சென்றதற்கோ தண்டனை பெற்றவரை நாடு கடத்தலாம். எத்தனை ஆண்டு தண்டனை என்று அது பார்ப்பதில்லை. உங்கள் நண்பருக்கு ஓர் அபராதமும் ஒரு மனக்கசப்புமாக முடியும் விஷயம், உங்களுக்குச் சென்னைக்கு ஒருவழி டிக்கெட் ஆகலாம். பச்சை அட்டை கிடைத்த பிறகும் இந்தப் பிரிவு விடாது. வழக்கு தள்ளுபடியானாலும், அடுத்த முறை விசா முத்திரைக்காக டிஎஸ்-160 என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது "கைது செய்யப்பட்டதுண்டா" என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுத வேண்டும். அதே படிவம், துப்பாக்கி போன்றவற்றில் தனிப் பயிற்சி உண்டா என்றும் கேட்கும். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்ததை அங்கே மறைக்காமல் எழுதுங்கள். சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். பயிற்சி எடுத்தது தவறு அல்ல, எடுக்கவில்லை என்று சொல்வது தவறு.

மனைவியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எச்-4 விசாவும் அதே தடைக்குள்தான். உங்கள் உரிமம் உங்களை மட்டுமே காக்கும். வேட்டைக்கு முந்தின இரவு நண்பரின் ஷாட்கன்னை உங்கள் அடுக்ககத்துக்குக் கொண்டுவந்து படுக்கையறை மூலையில் சாய்த்துவைத்தால், அது உங்கள் மனைவியும் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. அவரும் வைத்திருப்பதாக ஓர் அரசு வழக்கறிஞர் சொல்ல வழியிருக்கிறது. துப்பாக்கி நண்பர் வீட்டிலேயே இருக்கட்டும். வேட்டை நிலத்தில் வாங்குங்கள், வேட்டை நிலத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கியைச் சொன்னீர்கள். வாய்வழியாக மருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கிகள் இங்கேயும் உண்டு; .38 காலிபருக்குக் குறையாதவை ஒஹாயோ மான் வேட்டையில் அனுமதிக்கப்பட்டவை. வேடிக்கை என்னவென்றால், கருமருந்து கிட்டிக்கும் வகைகளில் பெரும்பாலானவற்றை மத்தியச் சட்டம் "துப்பாக்கி" என்றே கணக்கில் எடுப்பதில்லை. எல்லா மாதிரிகளுக்கும் இது பொருந்தாது என்பதால் இதை நம்பி உரிமத்தைத் தவிர்க்காதீர்கள். உரிமமும் வாங்கி, நண்பரிடம் அப்படி ஒன்று இருந்தால் அதையே கேட்டுப் பாருங்கள். உங்கள் கவலையும் குறையும், தாத்தாவின் நினைவுக்கும் ஒத்துவரும். குறுக்குவில்லும் ஒரு வழி. வில்வேட்டைப் பருவம் செப்டம்பர் இறுதியிலேயே தொடங்கிவிடும். துப்பாக்கிச் சட்டத்துக்கே வேலை இல்லை.

மீதி நாள் ஒழுங்குகளை நண்பரே சொல்லிவிடுவார். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணி பின்புவரைதான் சுடலாம். ஆரஞ்சு மேலங்கி வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். குளிருக்கு அதன் மேல் இன்னொரு ஜாக்கெட்டைப் போட்டு மூடிவிடாதீர்கள். பொதுச்சாலையைத் தாண்டிச் சுடக்கூடாது. மான் விழுந்தால் மறுநாள் நண்பகலுக்குள் மாநில முறைப்படி பதிவு செய்யுங்கள்.

சட்டைப்பையில் இருக்க வேண்டியவை: வேட்டை உரிமம், மான் அனுமதி, நிலத்துக்காரரின் எழுத்து, விசா ஒப்புதல் அறிவிப்பான ஐ-797இன் நகல். வனவிலங்கு அதிகாரி வந்தால் குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தி, கேட்டதைக் காட்டுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பத்தான் போகிறீர்கள், அனுப்புங்கள். ஆனால் நண்பர் தன் பிஸ்டலை உங்கள் கையில் திணித்து, "ஒரு போஸ் கொடு" என்பார். அந்தப் படம் வேண்டாம்.